ஒன்பது கஜம்: வெள்ளைக்காரன் மடிசாரைப் பார்த்துச் சொன்னதா?

கேள்வி: 12 ஜூன், இரவு 9.40

அலுவலகத்தில் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் வாய்க்கு வாய் "தி ஹோல் நைன் யார்ட்ஸ்" என்கிறார். எல்லாம், முழுசும், ஒன்று விடாமல் என்று அர்த்தம், அது தெரியும். வீட்டில் இதைச் சொன்னதும் என் மாமனார், "அது நம்ம ஒன்பது கஜம் புடவையம்மா. மடிசார் கட்டினால் உடம்பே மூடிவிடும். அதைப் பார்த்துத்தான் வெள்ளைக்காரன் 'முழு ஒன்பது கஜம்' என்று சொல்ல ஆரம்பித்தான்" என்று ஒரே போடாகப் போட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையா? ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது. அன்றைக்கு மறுபடி அவர் வீட்டில்தான் சாப்பாடு.

12 ஜூன், இரவு 10.25

இல்லை.

12 ஜூன், இரவு 11.15

பேருந்தில் நின்றுகொண்டு தட்டியது, அதனால்தான் ஒரே சொல். இப்போது உட்கார்ந்துவிட்டேன்.

மாமனாரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இதே கதையை நானும் இருபது வருடம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளைத் தோழன் ஒருவனுக்கு, சாம்பாரை ஆறவிட்டுச் சொல்லியிருக்கிறேன். அவன் வாயைப் பிளந்து கேட்டான். ஊருக்குப் போய் எத்தனை பேரிடம் சொன்னானோ.

நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் இருக்கின்றன. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எல்லாம் போயின. ஆனால் அவை போன பாதையில் காலடி தெரியும்: இங்கே இருந்த வெள்ளைக்காரர்களின் கடிதம், பயணக்குறிப்பு, கம்பெனிக் கணக்கு என்று முதலில் இந்தியாவில் புழங்கி, அப்புறம் கப்பலேறும். இந்த ஒன்பது கஜத்துக்கு அந்தப் பாதையே கிடையாது. பழைய அச்சுச் சான்றுகள் எல்லாம் அமெரிக்காவின் நடுப்பகுதியில், இண்டியானா, கென்டக்கி மாநிலங்களின் சின்ன ஊர்ப் பத்திரிகைகளில் கிடக்கின்றன. மடிசார் கட்டின மாமி இண்டியானா மாநிலத்துக்கு எதற்குப் போவாள்?

13 ஜூன், காலை 6.50

கீழே ஒருவர், "அது சிமென்ட் லாரி சார், எல்லாருக்கும் தெரியும்" என்கிறார். எல்லாருக்கும் தெரிந்தது இன்னும் நிறைய இருக்கிறது. நான் கேட்டவற்றைக் கொட்டிவிடுகிறேன்.

ரெடிமிக்ஸ் லாரி ஒன்பது கன கஜம் கொள்ளும், முழு லாரியும் கொட்டினால் ஹோல் நைன் யார்ட்ஸ். இரண்டாம் உலகப்போர் விமானத்தில் இயந்திரத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை 27 அடி, அதாவது ஒன்பது கஜம், முழுவதையும் எதிரி மேல் காலி செய்தால் அதே. பாய்மரக் கப்பலில் மூன்று மரம், மரத்துக்கு மூன்று குறுக்குக் கழி. அந்தக் கழிக்கும் ஆங்கிலத்தில் யார்ட்தான் பெயர், ஒன்பதிலும் பாய் விரித்தால் முழு வேகம். ஸ்காட்லாந்துக்காரர் கட்டும் கில்ட்டுக்கு ஒன்பது கஜம். பிணத்தைச் சுற்றும் துணி ஒன்பது கஜம். அமெரிக்கக் கால்பந்து.

கடைசியில் இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. அந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். ஒன்பது கஜம் போனால் பந்து பறிபோகும். முழுசும் என்ற அர்த்தத்துக்குத் தோற்றவன் கணக்கை யாராவது எடுப்பார்களா?

கில்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் அளவு எட்டு கஜம். பெரிய பாய்மரக் கப்பலில் ஒரு மரத்துக்கே ஐந்து, ஆறு கழி இருந்தது. தோட்டாப் பட்டை விமானத்துக்கு விமானம், துப்பாக்கி பொருத்திய இடத்துக்கு இடம் மாறும்.

சிமென்ட் லாரியில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. வீட்டுக்கு மாடித் தளம் போட்ட அன்று வந்தது ஆறு கன மீட்டர் லாரி. அன்றைக்கு மனசுக்குள் போட்ட கணக்கு: ஒரு கன மீட்டர் 1.308 கன கஜம், ஆக மொத்தம் 7.85. ஒன்பதுக்கு ஒன்று குறைகிறது. தளத்துக்கும் ஒரு மூலை குறைந்தது. கம்பெனிக்காரர் "அளவு சரியாத்தான் சார் இருக்கும், சென்ட்ரிங் இறங்கியிருக்கும்" என்றார். மிச்சத்தை மேஸ்திரி கையால் கலந்து போட்டார். அந்த மூலையில்தான் இன்றைக்கும் மழைக்குக் கசிகிறது. பேச்சு எங்கேயோ போகிறது, விடுங்கள்.

13 ஜூன், இரவு 9.30

அளவெல்லாம் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், தேதி என்று ஒன்று இருக்கிறது. இந்தச் சொல்லைத் துரத்திப் போனவர்களின் கதையே ரசமானது.

ரொம்ப நாளாகக் கைக்குக் கிடைத்த பழைய சான்று 1967. வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படைக்காரர்களைப் பற்றிய ஒரு புத்தகம். அதனால் எல்லாரும் விமானம், துப்பாக்கி என்று அலைந்தார்கள். அப்புறம் 1964-இல் டெக்ஸஸ் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரை அகப்பட்டது. நாசாக்காரர்கள் பேசும் பாஷையைப் பற்றியது. ஒவ்வொரு அம்சமாக முழு அறிக்கை கொடு என்பதற்கு அங்கே "ஒன்பது கஜத்தையும் கொடு" என்பார்களாம். உடனே விண்வெளிக் கோஷ்டி ஒன்று கிளம்பியது. பிறகு 1962: மிச்சிகனில் ஒரு சிறுகதை, அதே வருடக் கடைசியில் ஒரு கார் பத்திரிகைக்கு வந்த வாசகர் கடிதம்.

இரண்டாம் உலகப்போர் நாட்களிலேயே சொன்னார்கள் என்பவர்கள் 1942-ஐக் காட்டுவார்கள். அமெரிக்க செனட் குழு முன்னால் அட்மிரல் எமரி லேண்ட் சாட்சி சொன்னபோது "ஹோல் நைன் யார்ட்ஸ்" என்றே சொல்லியிருக்கிறார். சொல் அச்சு அசலாக அதேதான். ஆனால் அவர் சொன்ன யார்ட் கப்பல் கட்டும் தளம். ஒன்பது தளங்களின் சராசரியைத்தான் சொல்கிறார். இதில் விழுந்து எழுந்தவர்கள் பல பேர்.

அப்புறம் 1956. கென்டக்கி மாநிலத்து மீன் வள, வனவிலங்குத் துறை நடத்திய வேட்டைப் பத்திரிகை. மீன்பிடிப் போட்டியின் விவரங்களை எல்லாம் எழுதிவிட்டு, அவ்வளவுதான், முழு ஒன்பது கஜமும் இதுதான் என்று முடிக்கிறார்கள்.

2012-இல்தான் பெரிய வெடி. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆராய்ச்சியில் இருந்த போனி டெய்லர்-பிளேக், யேல் சட்டக்கல்லூரி நூலகத்து ஃப்ரெட் ஷபீரோ போன்றவர்கள் பழைய செய்தித்தாள்களைக் கணினியில் தேடித் தேடி 1912-க்குப் போய்விட்டார்கள். கென்டக்கியில் மவுன்ட் வெர்னன் என்ற ஊரின் வாரப் பத்திரிகை. அந்த வருடம் அங்கே முன்னாள் அதிபர் டெட் ரூஸ்வெல்ட்டும் அப்போதைய அதிபர் டாஃப்டும் ஒரே கட்சிக்குள் அடித்துக்கொண்ட வருடம். இவர்கள் சண்டை போட்டிருக்காவிட்டால் அந்தக் கட்சிக்குள் இவ்வளவு தில்லுமுல்லு இருந்தது நமக்குத் தெரிந்திருக்குமா, கொஞ்சம் சூடு ஏறட்டும், ஆறு கஜத்தையும் சொல்லிவிடுவார்கள் என்று ஒருத்தர் எழுதுகிறார்.

ஆமாம், ஆறு. எழுத்துப்பிழை என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதமே அதே பத்திரிகையில், ஊரில் இல்லாததால் செய்தி எல்லாம் சேர்க்க முடியவில்லை, அடுத்த இதழில் ஆறு கஜத்தையும் தருகிறோம் என்று இன்னொரு துணுக்கு. 1921-இல் தென் கரோலினா பத்திரிகை ஒன்றின் தலைப்பிலும் ஆறுதான்.

ஆக முதலில் ஆறு கஜமாக இருந்தது, பிற்பாடு ஒன்பதாக வளர்ந்துவிட்டது. ஆனந்தத்தில் மிதப்பதற்கு அவர்கள் சொல்லும் "க்ளவுட் செவன்" பிறகு "க்ளவுட் நைன்" ஆனதாகச் சொல்வார்களே, அந்த மாதிரி. எண்ணுக்கும் விலைவாசி ஏறும் போலிருக்கிறது.

14 ஜூன், காலை 8.05

கேள்வி கேட்ட அம்மாவிடமிருந்து: "ஆறு கஜத்தை மாமனாரிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. 'பார்த்தியா! சாதாரணப் புடவை ஆறு கஜம், மடிசார் ஒன்பது கஜம். இரண்டும் சரியாக வருது பார்!' என்று குதிக்கிறார்."

14 ஜூன், காலை 8.20

அடக் கடவுளே.

14 ஜூன், காலை 8.45

கணக்குப் பார்த்தேன். இன்றைக்குக் கடையில் விற்கும் புடவை ஐந்தரை மீட்டர். கஜத்தில் 6.01. மனிதர் சொல்வது அச்சாகப் பொருந்துகிறது. உலகத்தில் இந்த மரபுத்தொடருக்குச் சொல்லப்பட்ட எந்தக் காரணமும் ஆறு, ஒன்பது இரண்டையும் சேர்த்து விளக்கியதில்லை. உங்கள் மாமனார் விளக்கிவிட்டார். அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். ஆனாலும் தப்பு.

14 ஜூன், இரவு 10.10

ஏன் தப்பு என்று பகல் முழுக்க யோசித்ததில் பழைய ஞாபகம் ஒன்று வந்தது.

கும்பகோணத்தில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. எனக்கு விவரம் தெரிந்த நாளில் மீட்டர் கோல் வந்துவிட்டது. இரும்புக் கோல், இரண்டு முனையிலும் அரசாங்க முத்திரை. ஆனால் தாத்தா காலத்துக் கஜக்கோலை அப்பா எறியவில்லை. கல்லாவுக்குப் பின்னால் சுவரோடு சாய்ந்து நிற்கும். கருங்காலிக் கட்டை, முனைக்குப் பித்தளைப் பூண், நடுவில் அரைக்கஜத்துக்கு ஒரு கோடு. கைபட்டுக் கைபட்டு அந்தக் கோடு பாதி அழிந்திருக்கும். அப்பா துணியை அளக்கும்போது இடது கட்டைவிரலால் கோலின் முனையோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, வலது கையால் விர்ரென்று இழுப்பார். ஒவ்வொரு அளவுக்கும் கட்டைவிரல் அகலம் கூடப் போகும். "அது நம்ம கணக்குல போகட்டும்" என்பார். இழுத்துப் பிடித்து அளக்கும் கடைக்காரனை அவருக்கு ஆகாது.

மடிசார் எடுக்க வரும் பெரிய மாமி ஒருத்தர். கஜம் என்று அவர் வாயில் வந்ததே இல்லை. "ஏண்டா அம்பி, பதினெட்டு முழத்துல சுங்குடி வந்திருக்கா?" இதுதான் கேள்வி. புடவையைப் பாயில் விரித்துப்போட்டு, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்து வைத்து அவரே அளப்பார். வாய் எண்ணும், உதடு மட்டும் அசையும். எப்போது அளந்தாலும் அவர் கைக்குப் பத்தொன்பது வரும். "ஒரு முழம் லாபம்டா" என்று முகம் மலர வாங்கிக்கொண்டு போவார். மாமிக்குக் கை குட்டை என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொல்லப் போனேன், தொடையில் கிள்ளினார். பூக்காரி முழம் ஒன்று இருக்கிறதே, அதற்கு நேர் எதிர் முழம் இது.

விஷயத்துக்கு வருகிறேன். பதினெட்டு அங்குலம் ஒரு முழம், இரண்டு முழம் ஒரு கஜம். ஒன்பது கஜப் புடவைக்கு நம் பழைய பெயர் பதினெட்டு முழம். கட்டுகிறவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். கஜம் என்பதே பாரசீகத்து "கஸ்". நடுவில் வந்து உட்கார்ந்த அளவு. வெள்ளைக்காரன் நம் வீட்டுப் பெண்கள் பேசியதைக் கேட்டுச் சொல் எடுத்திருந்தால் "தி ஹோல் எய்ட்டீன் முழம்ஸ்" என்றல்லவா எடுத்திருப்பான்?

15 ஜூன், காலை 7.00

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. நானே சொல்லிவிடுகிறேன், மாமனார் கண்டுபிடிப்பதற்குள்.

மராட்டியில் அந்த நீளப் புடவைக்கு நவ்வாரி என்று பெயர். நவ் என்றால் ஒன்பது, வார் என்றால் கஜம். ஆக ஒன்பது கஜம் என்று எண்ணியே பெயர் வைத்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். என் பதினெட்டு முழ வாதம் காவிரிக்கரையில் நிற்கும், கோதாவரிக்கரையில் நிற்காது.

இருந்தாலும் இண்டியானாவுக்குப் பாதை இல்லை என்ற முதல் வாதம் அப்படியே இருக்கிறது.

15 ஜூன், பிற்பகல் 1.30

இன்னொரு திருத்தம். இது பெரியது. "ஆறு முதலில், அப்புறம் ஒன்பது" என்று முந்தாநாள் அடித்துச் சொன்னேனே, அது 2012 நிலவரம். அப்போது அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு 1907, 1908 சான்றுகள் வந்துவிட்டன, அவற்றில் இருப்பது ஒன்பது! இண்டியானாவில் மிட்செல் என்ற சின்ன ஊரின் பத்திரிகை. எண் ஏறியது என்ற கதையைக் கிழித்துப் போடுங்கள். ஆறும் ஒன்பதும் அந்தப் பக்கத்தில் ஒரே காலத்தில் புழங்கியிருக்கின்றன. இண்டியானாவும் கென்டக்கியும் நடுவில் ஒஹையோ ஆறு ஓடும் அக்கம்பக்கத்து மாநிலங்கள்.

1907 துணுக்கு பேஸ்பால் பற்றியது. ஊர் அணி வியாபாரிகளோடு ஆடப்போகிறது, அவர்கள் தாக்குப்பிடிக்கும் வரை ஆட்டம் நடக்கும், ஆனால் முழு ஒன்பது கஜத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்று கிண்டல். பேஸ்பாலில் அணிக்கு ஒன்பது பேர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். "அப்போ பேஸ்பால்தான் மூலம்!" என்று யாராவது எழுதுவதற்கு முன்னால்: இந்த இடத்துக்கு ஒன்பது பொருந்துவதால் அந்தச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆட்டத்தில் கஜத்துக்கு வேலை இல்லை.

1908 துணுக்கு இன்னும் அருமை. ராஸ்கோ என்பவர் மீன் பிடிக்கப் போய்விட்டு வந்திருக்கிறார். அவரிடம் பெரிய கதை ஒன்று இருக்கிறது, அவர் அதை இறக்கும்வரை நாங்கள் நின்று கேட்கத் தயாராக இல்லை, ஒருநாள் விவரம் தெரியாத யாராவது மாட்டுவார்கள், அவர்களுக்கு ஒன்பது கஜத்தையும் கொடுப்பார் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் தோட்டாப் பட்டை, சிமென்ட் லாரி எல்லாம் புகையாகப் போய்விடுகின்றன. 1907-இல் ரைட் சகோதரர்கள் பறக்கத் தொடங்கி நாலு வருடம். அதில் எங்கே துப்பாக்கி, எங்கே 27 அடிப் பட்டை?

15 ஜூன், இரவு 9.15

ஒன்பது கஜமும் ஒரே சட்டைக்குப் போன பழைய கதை ஒன்று உண்டாமே என்று யாரோ கேட்டிருந்தார்கள். ஆமாம், 1855-இல் ஒன்று இருக்கிறது. இதுவும் இண்டியானாதான், ஒஹையோ ஆற்றங்கரை நியூ ஆல்பனி ஊர்ப் பத்திரிகை. ஒரு நீதிபதியைப் பற்றிய நகைச்சுவைக் கதை. மூன்று சட்டைக்குத் துணி எடுக்கச் சொன்னால், தைத்தவள் ஒன்பது கஜத்தையும் ஒரே சட்டையில் போட்டுவிட்டாள் என்று அவர் புலம்புகிறார். "ஹோல் நைன் யார்ட்ஸ்" என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன.

கடைக்காரன் மகன் என்ற முறையில் இந்தக் கணக்கை மட்டும் சோதித்துவிட்டேன். 36 அங்குலப் பன்னாவில், அதாவது அந்த அகலத் துணியில், முழுக்கைச் சட்டைக்கு எங்கள் கடையில் இரண்டரை மீட்டர் கிழிப்போம். கஜத்தில் 2.73. தையல்காரர் எப்படியும் கொஞ்சம் கூடக் கேட்பார். சட்டைக்கு மூன்று கஜம், மூன்று சட்டைக்கு ஒன்பது. நீதிபதி சொன்னது சரி.

இந்தக் கதை ஊர் ஊராகப் பரவி, "ஒன்பது கஜத்தையும் போட்டுவிட்டாயா" என்பது வழக்காகிவிட்டது என்று எனக்கு நம்ப ஆசை. துணி, அதுவும் நம் தொழில். ஆனால் அங்கே ஒன்பது கஜம் என்றால் ஒன்பது கஜத் துணிதான். வேறு அர்த்தம் இல்லை. இதற்கும் 1907-க்கும் நடுவில் 52 வருடம் காலியாகக் கிடக்கிறது. ஆசையை மூட்டை கட்டி வைக்கிறேன்.

16 ஜூன், காலை 6.15

தூக்கம் வரவில்லை. கேளுங்கள், கண்டுபிடித்துவிட்டேன்!

நாசாக்காரர்கள் 1964-இல் இதைப் பேசினார்கள் என்று சொன்னேன் இல்லையா? மிட்செல் ஊரில் 1926-இல் பிறந்தவர் யார் தெரியுமா? விண்வெளி வீரர் கஸ் கிரிஸம்! மெர்க்குரி திட்டத்தின் ஏழு பேரில் ஒருவர், 1961-இல் விண்வெளிக்குப் போனவர். சின்ன வயதில் ஊரில் கேட்ட சொல்லை அப்படியே நாசாவுக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கிருந்து விமானப்படை, அங்கிருந்து வியட்நாம், அங்கிருந்து உலகம். இத்தனை பேர் தேடியும் யாருக்கும் தோன்றாதது எப்படி?

16 ஜூன், காலை 9.40

காபி குடித்தபின் திரும்பப் படித்தேன். கிரிஸம் இந்தச் சொல்லைச் சொன்னார் என்பதற்குத் துளி ஆதாரம் இல்லை. அவர் மிட்செலில் பிறந்தார், அந்தச் சொல் மிட்செல் பத்திரிகையில் இருக்கிறது, நாசாவிலும் இருக்கிறது. மூன்றும் உண்மை. நடுவில் கோடு போட்டு இணைத்தது மட்டும் நான். 1956-இல் கென்டக்கி மீன்பிடிக்காரர்களும் சொல்லியிருக்கிறார்கள், அவர்களுக்கு நாசா வேண்டியிருக்கவில்லை.

மிட்செலில் இன்னொன்றும் உண்டு, பழைய சிமென்ட் ஆலை. இதை வைத்து யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காலை 6.15 குறிப்பை அழிக்கவில்லை. கிடக்கட்டும். மாமனாரைச் சொன்ன வாய்க்கு அது வேண்டும்.

16 ஜூன், இரவு 10.30

இன்றைக்குப் பூரா ராஸ்கோதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

பழைய சான்றுகளை வரிசையாக வைத்தால் ஒன்று தெரிகிறது. 1908: கதையைக் கேட்க ஆள் மாட்டினால் ஒன்பது கஜத்தையும் கொடுப்பார். 1912: ஆறு கஜத்தையும் சொல்லிவிடுவார்கள். அடுத்த மாதம்: செய்தி முழுவதையும் அடுத்த இதழில் ஆறு கஜமாகத் தருகிறோம். 1956: விவரமெல்லாம் சொல்லி, இதுதான் ஒன்பது கஜமும். 1964: அறிக்கை முழுவதும் கொடு. பெரும்பாலும் பேச்சு, செய்தி, கதை. நீளமாகச் சொல்வதற்குத்தான் இது பிடித்த இடமாக இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள், எல்லாவற்றையும் தீர்த்துவை என்ற பொருளிலும் அதே மிட்செல் பத்திரிகையில் அடுத்த சில வருடங்களில் வந்துவிட்டது என்றாலும், எனக்குக் கண்ணில் படுவது அந்தக் கதைதான்.

தமிழில் இதைக் கேட்டால் விளக்கமே வேண்டாம். மீன் பிடித்துவிட்டு வந்த மாமா கையை விரித்து "இவ்வளவு பெரிசு" என்றால் நாம் என்ன சொல்வோம்? "அளக்காதீங்க மாமா." கதை அளக்கிறான், அளந்து விடுகிறான், அவன் அளப்புக்கு அளவே இல்லை. கதையை அளக்கிறவனிடம் எத்தனை கஜம் என்று கேட்பது எவ்வளவு இயல்பு! நூல் பக்கம் போனால் சரடு விடுகிறான், கயிறு திரிக்கிறான். அவர்களும் நெடுங்கதை சொல்வதை நூல் நூற்பது என்றுதான் சொல்கிறார்கள்.

சரி சரி, தெரிகிறது. மிட்செல் பத்திரிகைக்காரருக்குத் தமிழ் தெரியும் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் இங்கேயும் கடையில் துணி அளந்தார்கள், அங்கேயும் இங்கேயும் மீன்கதை சொன்னார்கள், அவ்வளவுதான். ஒன்பது ஏன், ஆறு ஏன் என்றால் எண்ணுக்குப் பின்னால் பொருள் எதுவும் இருந்தாக வேண்டும் என்றே இல்லை. ஒரு லாரியோ, ஒரு பட்டையோ, ஒரு புடவையோ மூலமாக இருந்தால் எண் இப்படி ஆடாது. ஆடுகிறது என்றால் நீளம் என்று காட்டத்தான் எண். நாம் "ஆயிரம் தடவை சொல்லிட்டேன்" என்கிறோம், யாராவது எண்ணினார்களா?

17 ஜூன், காலை 7.30

ஒருவர்: "அப்படியானால் தமிழில் இதை எப்படி மொழிபெயர்ப்பது?" ஒன்பது கஜம் என்று மட்டும் போடாதீர்கள், படிக்கிறவர் புடவைக்கடைக்குப் போய்விடுவார். இடத்தைப் பார்த்து ஆதியோடந்தமாக, ஒன்று விடாமல், அடிமுதல் நுனிவரை. கல்யாணச் செலவைப் பற்றி என்றால் "சகலமும்". ராஸ்கோவுக்கு என்றால் "அளந்து தள்ளிவிடுவார்".

18 ஜூன், மாலை 5.20

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: ஞாயிறு முடிந்துவிட்டதே, என்ன ஆச்சு?

18 ஜூன், மாலை 6.05

பதில் வந்திருக்கிறது, அப்படியே போடுகிறேன்: "எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பதினெட்டு முழத்துக்கு மட்டும் தலையை ஆட்டினார், அவர் அம்மா அப்படித்தான் சொல்வாராம். புடவை இல்லை என்பதை ஒப்புக்கொண்டாரா என்று எனக்குப் புரியவில்லை. கடைசியில், 'அதெல்லாம் இருக்கட்டும், அந்த ராஸ்கோ பிடித்த மீன் எவ்வளவு பெரிசு?' என்று கேட்டார்."

18 ஜூன், மாலை 6.10

அதைத்தான் அந்தப் பத்திரிகைக்காரன் நின்று கேட்க மாட்டேன் என்றுவிட்டானே.